நாலாவது தலை

அத்தியாயம் 11

"அண்ணே, புது சக்கரவர்த்திக்குச் சளி பிடிச்சிருக்கு."

யர்ஹாய் காட்டிய பக்கம் ஒப்பியஸ் நிமிர்ந்து பார்த்தான். சதுக்கத்தின் நடுவில் நின்ற பளிங்குச் சிலையின் மூக்கு நுனியில் விரல் நீளத்துக்குப் பனி உறைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே எதற்கும் வரவில்லை.

"மெதுவா பேசு. வாசல்ல காவல் நிக்குது."

"நிக்கட்டும். அவங்களுக்கும்தான் சளி."

யர்ஹாய் பல்மைராக்காரன். பேரீச்சை மரமும் சுடுமணலுமாக வளர்ந்தவனை வில்லாளி வேலைக்கு எடுத்து, டான்யூப் ஆற்றங்கரைக் கோட்டையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சட்டைக்கு மேல் சட்டையாக மாட்டிக்கொண்டு வைக்கோல் பொதி மாதிரி நடப்பான். உடம்பு எவ்வளவு நடுங்கினாலும் வாய் மட்டும் உறைந்ததே இல்லை.

ஒப்பியஸ், கோட்டைக்கு வெளியே இருந்த ஊருக்கு வழிக்காவல் அதிகாரி. காணாமல் போன குதிரை, மதுக்கடை அடிதடி, இவைதான் அவன் வழக்குகள். எதையும் மூன்று தடவை சரிபார்ப்பான். மூன்றாவது தடவையும் சரியாக வந்துவிட்டால், முதல் இரண்டு தடவையும் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று கவலைப்படுவான். அப்படிப்பட்டவன் கையில் இன்று ஓர் உயிரைக் கொடுத்திருந்தார்கள்.

நேற்று விடியற்காலையில் கோட்டைத் தலைவர் நோனியஸ் தன் அறையில் குத்துப்பட்டுக் கிடந்தார். சக்கரவர்த்தியின் உருவத்தை உச்சியில் தாங்கி, படைக்கு முன்னால் எடுத்துப்போகும் கம்பு ஒன்று உண்டு. அதன் அடிமுனை இரும்புதான் அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. அந்தக் கம்பைச் சுமக்கிறவன் தாசியஸ். வேறென்ன சாட்சி வேண்டும்? தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கட்டினார்கள்.

நோனியஸ், ரோமாபுரியில் இருந்த சபெல்லியன் சக்கரவர்த்தியின் ஆள். அவர் செத்த செய்தி பரவி முடிவதற்குள் சிப்பாய்கள் திடலில் கூடிவிட்டார்கள். ஆற்றுப்படைத் தளபதி வெத்துலேனஸைக் கேடயத்தின் மேல் நிறுத்தித் தூக்கி, "இனிமே இவர்தான் சக்கரவர்த்தி" என்று கூவிவிட்டார்கள். வெத்துலேனஸ் வேண்டாம் வேண்டாம் என்று அழுதாராம். அழுதுகொண்டே ஊதாப் போர்வையைப் போர்த்திக்கொண்டாராம்.

அவர் போட்ட முதல் உத்தரவு, நோனியஸைக் கொன்ற தாசியஸை இன்று மாலை அணிவகுப்பில் அவன் தோழர்களே தடியால் அடித்துக் கொல்ல வேண்டும் என்பது.

"பின்னே?" என்றான் யர்ஹாய். "கொலையால சிம்மாசனம் கிடைச்சவன், கொலைகாரனைத் தண்டிச்சே ஆகணும். இல்லேன்னா ஜனங்க அவன் மூஞ்சியைத்தானே சந்தேகமா பாப்பாங்க?"

அந்தத் தண்டனையில் நம்பிக்கை இல்லாத ஒரே பெரிய மனிதர் துணைத் தளபதி லூரியஸ்தான். எப்போதோ குதிரை உதைத்துக் கோணிப்போன மூக்கு, மெதுவான குரல். காலையில் ஒப்பியஸைத் தனியே கூப்பிட்டிருந்தார். "அந்தப் பையன் செஞ்சிருக்க மாட்டான்யா. சாயந்திரத்துக்குள்ள ஏதாவது ஒரு ஆதாரம் கொண்டா. நானே மேடை ஏறிப் பேசறேன்."

உச்சி வெயில் தாண்டியும் ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை. கோட்டைக்குள் யாரைக் கேட்டாலும் தூங்கினேன் என்றார்கள். அவ்வளவு நன்றாகத் தூங்குகிற படையை ஒப்பியஸ் இதுவரை பார்த்ததில்லை.

"கைகால் விறைச்சுப்போச்சு, வாங்க போகலாம்" என்றான் யர்ஹாய். "சும்மா சொல்லக்கூடாது அண்ணே, சிற்பி நல்ல வேலைக்காரன். காது மடல்ல கூட எப்படி நுணுக்கமா குடைஞ்சிருக்கான் பாருங்க. உள்ளே எறும்பு குடித்தனம் பண்ணலாம்."

நடக்கத் தொடங்கிய ஒப்பியஸ் நின்றான்.

"என்ன சொன்னே?"

"எறும்பு."

"அதுக்கு முன்னாடி."

"காது."

அந்த ஊர் நகரசபை சிக்கனமானது. கவசம் அணிந்த உடம்பை ஒரே ஒரு தடவைதான் செய்யச் சொன்னார்கள். கழுத்தில் ஒரு குழி. சக்கரவர்த்தி மாறினால் பழைய தலையைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தலையைச் செருகிவிடுவார்கள். முதலில் இருந்தவர் படையெடுத்துப்போன வழியில் கொள்ளைநோயில் போனார். இரண்டாவது சபெல்லியன். நேற்று மத்தியானம் வெத்துலேனஸின் தலை ஏறியிருந்தது. காலையில் முரசு கேட்டால் ஜனங்கள் ஜன்னலைத் திறந்து, கழுத்துக்கு மேல் இன்றைக்கு யார் என்று பார்த்துவிட்டு அடுப்பு மூட்டப் போய்விடுவார்கள். அந்தத் தலையை எப்போது செதுக்கினார்கள் என்று கேட்கிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. ஒப்பியஸுக்கும் இல்லை, இந்த நொடி வரை.

"நேத்து காலையில சிப்பாய்ங்க கூவினாங்க" என்றான். "திடீர்னு. யாருமே எதிர்பார்க்கலை. சரியா?"

"அழுகையோட."

"மத்தியானம் தலை ஏறிடுச்சு. காது மடல் வரைக்கும் குடைஞ்ச தலை. பளிங்கு என்ன ரொட்டி மாவா, அவசரத்துக்குப் பிசைஞ்சு வைக்க?"

யர்ஹாய் மறுபடி சிலையை நிமிர்ந்து பார்த்தான். "அப்படின்னா யாரோ முன்னாடியே..."

"வெத்துலேனஸ் சக்கரவர்த்தி ஆகப்போறார்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, நோனியஸ் சாகப்போறதும் முன்னாடியே தெரியும். அப்போ அதைச் செஞ்சது தூங்கிட்டிருந்த தாசியஸ் இல்ல."

சொல்லி முடித்ததுமே அவனுக்குள் வழக்கமான சந்தேகம் ஆரம்பித்தது. எங்கேயோ ஓட்டை இருக்கும். இருந்தே ஆகும். தேடினான், கிடைத்துவிட்டது.

"பழைய தலையையே திருத்திச் செதுக்கியிருக்கலாமே? கன்னத்தைக் குறைச்சு, முடியை மாத்தி... அதுக்கு ஒரு முற்பகல் போதுமோ என்னவோ."

"நல்லாத்தானே போயிட்டிருந்தது" என்று முனகினான் யர்ஹாய். "சரி, அப்போ சபெல்லியன் தலை எங்கேன்னு தேடுவோம். முழுசா கிடைச்சா நாம ஜெயிச்சோம். கிடைக்கலேன்னா தாசியஸ் தோத்தான்."

"உனக்கு எங்கேன்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா அவர் இருக்கிற நிலைமையில பாத்தா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

*

மதேனாவின் மதுக்கடையின் பின்கட்டில், ஆள் குளிக்கிற அளவு மரத்தொட்டி ஒன்றில் முட்டைக்கோஸ் உப்புநீரில் ஊறிக்கொண்டிருந்தது. மேலே மரமூடி. அது மிதந்து எழும்பாமல் இருக்க, மூடியின் மேல் பாரமாகக் கவிழ்ந்து கிடந்தார் சபெல்லியன் சக்கரவர்த்தி.

"சிலையிலிருந்து கழட்டின ஆளுங்க குடுத்துட்டுப் போனாங்க" என்றாள் மதேனா. "நல்ல கனம். அழுத்தி வைக்கத் தோதா இருக்கு. இது குத்தமா ஐயா?"

"போன வாரம்னா குத்தம்" என்றான் யர்ஹாய். "இந்த வாரம் ராஜவிசுவாசம்."

ஒப்பியஸ் குனிந்து தலையைப் புரட்டினான். மூக்கு, கன்னம், நெற்றி, எல்லாம் முழுசாக இருந்தன. புதிதாக ஓர் உளிகூடப் படவில்லை.

"சபெல்லியனுக்கு இவ்வளவு பெரிய காதா?" என்று கேட்டான்.

"அது அவரோடது இல்ல, அதுக்கு முந்தினவரோடது. நகரசபைக்கு அப்பவும் புதுக் கல்லு வாங்க மனசு வரலை. முதல் தலையைச் சின்னதாக்கி இவரைச் செஞ்சாங்க. முகம் சுருங்கிடுச்சு, காது அப்படியே நின்னுபோச்சு. திருவிழாவுல நாங்க எல்லாம் சிரிச்சோமே."

ஒப்பியஸ் யர்ஹாயைப் பார்த்தான். திருத்திச் செதுக்கினால் எப்படி இருக்கும் என்பது இதோ கையில் இருந்தது: சின்ன முகம், விடைத்த காது. சதுக்கத்தில் இருக்கிற தலை அப்படி இல்லை. கழுத்துக்குப் பொருத்தமான அளவு, முகத்துக்குப் பொருத்தமான காது. புதுக் கல். மெதுவாக, அவசரமே இல்லாமல் செய்த வேலை.

இன்னொரு தடவை சரிபார்த்தான். சரியாகவே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றாவது முறை பார்க்கவில்லை.

மதேனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாசியஸின் அக்கா. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள். நேற்றிலிருந்து அழுது அழுது குரல் கட்டியிருந்தது. ஆனாலும் வந்தவர்களுக்குப் பார்லிக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கத் தவறவில்லை.

"ஏதாவது கிடைச்சுதா ஐயா? மறைக்காம சொல்லுங்க."

"கிடைச்ச மாதிரிதான் இருக்கு."

"மாதிரின்னா?"

"அண்ணன் அப்படித்தான் பேசுவார்" என்றான் யர்ஹாய். "சூரியன் கிழக்கே உதிச்சாலும் உதிச்ச மாதிரி இருக்குன்னுதான் சொல்வார். கிடைச்சிருக்கு அக்கா."

அவள் ஒப்பியஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கோட்டை வாசல்ல நிக்கறேன். அவனை வெளியே விட்டா முதல்ல என்னைப் பாக்கணும்" என்றாள்.

அந்தக் கையை விடுவித்துக்கொள்ள ஒப்பியஸுக்குச் சங்கடமாக இருந்தது.

"இந்தச் சக்கரவர்த்தியைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கிறோம்" என்று யர்ஹாய் தலையைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினான். தெருவுக்கு வந்ததும் பெருமூச்சு விட்டான். "எங்க ஊர் பேல் சாமி சத்தியமா சொல்றேன் அண்ணே. ஆட்சியில இருந்தப்போ கூட இவர் எனக்கு இவ்வளவு பாரமா இருந்ததில்ல."

*

சிற்பி மெனெக்லஸின் பட்டறை ஆற்றோரத்தில் இருந்தது. கிரேக்கன். தாடி, புருவம், இமை எல்லாம் பளிங்குத் தூசி. யாருக்கோ கல்லறைக் கல் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"சதுக்கத்துத் தலை நல்லா வந்திருக்கு" என்றான் ஒப்பியஸ்.

"நன்றிங்க."

"எப்போ செஞ்சே?"

உளி நிற்கவில்லை. "நேத்துதான். பழசைத் திருத்தினேன். கை வேகம்."

"எந்தப் பழசை?"

"சபெல்லியன் தலையைத்தான். வேற எது இருக்கு?"

யர்ஹாய் சாக்கை அவிழ்த்துக் கல்லறைக் கல்லின் மேல் தலையை வைத்தான். பட்டறை முழுவதும் ஊறிய முட்டைக்கோஸின் நாற்றம் அடித்தது.

"இவரைக் கேட்டேன். யாரும் திருத்தலையாம். உப்பு மட்டும் போட்டாங்களாம்."

உளி நின்றது. மெனெக்லஸ் கொஞ்ச நேரம் சபெல்லியனின் பெரிய காதுகளையே பார்த்தான். பிறகு மெல்லக் கல்திண்டில் உட்கார்ந்தான்.

"திராட்சை அறுப்பு நேரத்துல சொன்னாங்க" என்றான். "வெத்துலேனஸ் முகம். மண்ணுல மாதிரி உருவம் செஞ்சு கொண்டுவந்து குடுத்தாங்க. வாயைத் திறந்தா கையை வெட்டுவோம்னாங்க. நான் சிற்பிங்க, கை போனா என்ன பண்ணுவேன்?"

திராட்சை அறுப்பு இலையுதிர் காலத்தில். இப்போது நடுக் குளிர்காலம். ஒப்பியஸ் மனசுக்குள் கணக்குப் போட்டான். இவனை அப்படியே அழைத்துப்போய் லூரியஸ் முன்னால் நிறுத்தினால் போதும். தாசியஸ் பிழைத்தான்.

"எழுந்திரு. துணைத் தளபதிகிட்ட வந்து இதையே சொல்லு. அவர் நல்லவர், உன் கைக்கு ஒண்ணும் வராது."

மெனெக்லஸ் அவனை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இல்லை. பாவம் என்று நினைக்கிறவன் பார்வை அது.

அந்தப் பக்கம் யர்ஹாய் குளிர் தாங்காமல், மூலையில் கந்தல் போர்த்தியிருந்த ஒரு கல்லின் மேல் உட்காரப் போனான்.

"அதுல உக்காராதே!"

கத்திய வேகத்தில் மெனெக்லஸுக்கே இருமல் வந்துவிட்டது. யர்ஹாய் எழுந்தான். கந்தலை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான். பிறகு முழுவதுமாக உருவினான்.

இன்னொரு தலை. நெற்றியும் கண்ணும் மூக்கும் முடிந்திருந்தன. காதும் தாடையும் இன்னும் கல்லுக்குள் இருந்தன. கழுத்தின் அடியில், சிலையின் குழியில் பொருந்தும்படி ஒரு முளை.

"நாலாவதா?" என்றான் யர்ஹாய். "இப்பத்தானேய்யா மூணாவதை வெச்சீங்க? பனி கூட உருகலையே!"

"யார் இது?" என்றான் ஒப்பியஸ். கம்பீரமான, நேரான மூக்கு. எங்கேயும் பார்த்த முகமாகத் தெரியவில்லை.

பதில் சொல்லாமல் யர்ஹாய் பக்கத்துப் பலகையில் இருந்த மண் மாதிரியை எடுத்து, பளிங்குக்குப் பக்கத்தில் வைத்தான். அதே நெற்றி, அதே கண். மண்ணில் மட்டும் மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

பட்டறைக்குள் ஆற்றுக்காற்று வந்து போனது.

"மூக்கை நேராக்கிடச் சொன்னார்" என்றான் மெனெக்லஸ் தாழ்ந்த குரலில். "ரெண்டு தலைக்கும் அவரேதான் சொன்னார். வெத்துலேனஸுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. சிப்பாய்ங்க தன் மேல பிரியப்பட்டுத் தூக்கினாங்கன்னு அந்த மனுஷன் நெஜமாவே நம்பிக்கிட்டிருக்கார். நேத்து தலையை உடனே ஏத்துன்னு ஆள் அனுப்பினதும் லூரியஸ்தான். 'இன்னைக்கே வேண்டாங்க, சந்தேகம் வரும்'னு சொல்லிப் பாத்தேன். வரட்டும்னு சொல்லியனுப்பினார்."

ஒப்பியஸ் அங்கே கிடந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். வரட்டும். அவ்வளவுதான் விஷயம். அந்தத் தலை தவறுதலாக முன்கூட்டி ஏறவில்லை. யாராவது ஒருவன் நிமிர்ந்து பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்றே ஏற்றியிருந்தார்கள். மெதுவான, ஒழுங்கான, எதையும் சரிபார்க்கிற ஒருவன். அவன் சொன்னால் ஊர் நம்பும். காலையில் அந்த ஒருவனைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டிக் கொடுத்தும் அனுப்பியிருந்தார்கள். தன் மூளையால் கண்டுபிடித்ததாக நினைத்தது எல்லாம், யாரோ தட்டில் வைத்து நீட்டியதுதான்.

"அண்ணே, நேரா வெத்துலேனஸ்கிட்ட போவோம்" என்றான் யர்ஹாய்.

"அவரைச் சுத்தி நிக்கிற காவல் யாரோட ஆளுங்க?"

யர்ஹாய் யோசித்தான். "லூரியஸோட ஆளுங்க."

"மீறிப் போய்ச் சொன்னாலும், சதுக்கத்துல நிக்கிறது அவர் முகம். தாசியஸ் நிரபராதின்னு ஒத்துக்கிட்டா, முதல் சந்தேகம் அவர் மேலதான். கேட்டதும் தாசியஸோட நம்மளையும் சேர்த்து அடிக்கச் சொல்வார்."

"லூரியஸ்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தா அவன் இதை வெச்சு வெத்துலேனஸைக் கவுத்துடுவான். ரெண்டு கூட்டமும் அடிச்சுக்கும். ஆத்தங்கரையை யாரு பாக்கறது? ஆத்துல பனி இன்னும் ரெண்டு பிடி இறுகினா அக்கரை எதிரி செருப்பு நனையாம நடந்து வந்துடுவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அந்தப் பொண்ணு வாசல்ல நிக்குது யர்ஹாய்." ஒப்பியஸ் எழுந்தான். "லூரியஸ்கிட்ட மூணாவது தலையை மட்டும் சொல்வோம். நாலாவதைப் பாக்காத மாதிரியே இருப்போம். தனக்கு லாபம்னாலாவது தாசியஸை அவிழ்ப்பான். அதுக்கு மேல என்னால யோசிக்க முடியலை."

வாசலில் திரும்பி மெனெக்லஸிடம், "நீ எங்கேயாவது ஓடிப்போ" என்றான்.

"எங்கேங்க ஓடறது?" சிற்பி மறுபடி உளியைக் கையில் எடுத்திருந்தான். "எல்லா ஊர்லயும் உடம்பு நிக்குது. தலைக்குத்தான் ஆள் தேடறாங்க."

*

லூரியஸின் அறையில் கணப்பு எரிந்தது. தேன் கலந்த சூடான திராட்சை மதுவைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். ஒப்பியஸ் சொல்லச் சொல்ல, எந்த இடத்திலும் ஆச்சரியப்படாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பிரமாதம்யா. காதை வெச்சே பிடிச்சிட்டியே. இதை நீயே மேடையில சொல்லணும்."

"இப்பவே சொல்றேன். தாசியஸை அவிழ்க்கச் சொல்லுங்க ஐயா."

"அவசரப்படாதே. குடி, ஆறிடும்."

வெளியே திடலில் கொம்பு ஊதியது. அணிவகுப்புக்கான முதல் அழைப்பு.

"ஐயா, நேரமாகுது."

"ஆகட்டும்." லூரியஸ் கணப்புக்கு நேராகக் கைகளை நீட்டினார். "யோசிச்சுப் பாரு. ஒரு நிரபராதியைக் காப்பாத்திட்டேன்னு வெச்சுக்கோ. சிப்பாய் என்ன பண்ணுவான்? சந்தோஷமா கை தட்டிட்டு ரொட்டி திங்கப் போயிடுவான். ஆனா கூட உக்காந்து சாப்பிட்ட ஒரு நிரபராதியை, தன் கையாலேயே அடிச்சுக் கொன்னுட்டோம்னு தெரிஞ்சா? அந்தக் கையை வெச்சுக்கிட்டு அவனால ராத்திரி தூங்க முடியுமா? அதை யார் மேலயாவது இறக்கியே ஆகணும் அவனுக்கு. யார் மேலன்னு நான் காட்டுவேன்."

ஒப்பியஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"முதல்ல அவன் சாகட்டும். அப்புறம் நீ பேசு" என்றார் லூரியஸ்.

கடைசியாக ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது. ஒப்பியஸ் அதையும் எறிந்தான்.

"நாலாவது தலையையும் பாத்துட்டேன். இப்ப அவனை விடலேன்னா, மேடையில அதையும் சொல்வேன்."

லூரியஸ் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"மூக்கு நேரா வந்திருக்கா?"

ஒப்பியஸ் கதவை நோக்கிப் பாய்ந்தான். வெளியே நின்ற இரண்டு காவலர்களும் ஈட்டிகளைக் குறுக்கே வைத்தார்கள். யர்ஹாய் ஒருவன் முகத்தில் குத்தினான். ஈட்டிக்காம்பால் ஓர் அடி வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் விழுந்தான். லூரியஸ் மேலங்கியைச் சரிசெய்துகொண்டு அவர்களைத் தாண்டி வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது.

இரண்டாவது கொம்பு. பிறகு ஒரு பெரிய நிசப்தம். ஓர் அதிகாரி கோலால் குற்றவாளியின் தோளை லேசாகத் தொடுவார். அதுதான் ஆரம்பிக்கலாம் என்பதற்கு அடையாளம். அது அவர்களுக்குக் கேட்கவில்லை. அதற்கடுத்து வந்த சத்தம் கேட்டது. தானியம் அடிக்கிற களத்தின் சத்தம் மாதிரி இருந்தது.

ஒப்பியஸ் கதவை முட்டிக்கொண்டே இருந்தான். "அவன் செய்யலைடா! அவன் செய்யலை!"

யர்ஹாய் உதட்டில் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்தபோது சத்தம் நின்றிருந்தது.

*

ஒப்பியஸை மேடையில் ஏற்றினார்கள். கீழே படை முழுவதும் தடிகளோடு நின்றது. நடுவில் கிடந்ததைப் பார்க்காமல் இருக்க அவன் முயன்றான், முடியவில்லை.

லூரியஸ் அவன் தோளில் கை போட்டார். "வழிக்காவல் ஒப்பியஸ் பொய் சொல்ல மாட்டான். உங்க எல்லாருக்கும் தெரியும். சொல்லுய்யா."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தாசியஸ் கொலைகாரன் என்ற பெயரோடு கிடந்தான். ஒப்பியஸ் சொன்னான். தலை எப்போது ஏறியது, காது எப்படி இருந்தது, முட்டைக்கோஸ் தொட்டியில் எது கிடந்தது, திராட்சை அறுப்பில் யாருக்கு யார் முகத்தைச் செதுக்கச் சொல்லி உத்தரவு போனது. ஒவ்வொன்றாக, ஒழுங்காகச் சொன்னான். முன்வரிசையில் ஒருவன் தன் கையிலிருந்த தடியைப் பார்த்துவிட்டு அதைக் கீழே போட்டான். பிறகு குனிந்து மறுபடி எடுத்துக்கொண்டான். அவன் முகம் மாறியிருந்தது. எல்லார் முகமும் மாறிக்கொண்டிருந்தது.

"வெத்துலேனஸ் எங்கேடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"இருங்க!" என்று கத்தினான் ஒப்பியஸ். "இன்னும் முடியலை! நாலாவதா ஒரு தலை இருக்கு! அது லூரியஸோட..."

கேடயங்களைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த முழக்கத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மேடைக்கு நேர் கீழே நின்ற ஒரு கிழட்டுச் சிப்பாய்க்கு மட்டும் காதில் விழுந்தது. அவன் நிமிர்ந்தான்.

"லூரியஸ் தலையா? அதையும் செஞ்சாச்சா?" என்றான். "நல்லதாப்போச்சு. அப்ப நாளைக்கே மாட்டிடலாம்."

படை நகர்ந்தது. வெத்துலேனஸ் தங்கியிருந்த பக்கம் அலறல் கேட்டது. ஊதாப் போர்வை ஒன்று தலைகளுக்கு மேல் கைமாறிக் கைமாறி லூரியஸை நோக்கி வந்தது. அதைப் பார்க்க ஒப்பியஸ் நிற்கவில்லை. யர்ஹாயின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, காவல் விட்டுப்போயிருந்த கோட்டை வாசல் வழியாக வெளியே வந்தான்.

பின்னால் கூச்சல் ஒரே சீராகத் திரண்டது. முதலில் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. பிறகு புரிந்தது. செத்தவனின் பெயரைத்தான் கூவிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் தொண்டைகள் சேர்ந்து, கேடயத்தில் தாளம் போட்டுக்கொண்டு.

"தாசியஸ்! தாசியஸ்! தாசியஸ்!"

வாசலுக்கு வெளியே பனியில் மதேனா நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது. அந்த முகத்தில் எழுந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ஒப்பியஸ் நின்றுவிட்டான். அவள் ஓடி வந்தாள்.

"ஐயா! கேக்குதா ஐயா? என் தம்பி பேரு! எல்லாரும் என் தம்பி பேரைத்தான் கூப்பிடறாங்க!"

"மதேனா..."

"எனக்குத் தெரியும் ஐயா, நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு. மேடை ஏறிச் சொன்னீங்களா? நம்பினாங்களா?"

"நம்பினாங்க" என்றான் ஒப்பியஸ்.

"அக்கா, வாங்க வீட்டுக்குப் போவோம்" என்று யர்ஹாய் அவள் கையைப் பிடித்தான்.

"என்னடா நீ, இந்த நேரத்துல வீட்டுக்கா?" அவள் கையை உதறினாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "கூட்டம் இந்தப் பக்கம்தான் வருது. தோள்ல தூக்கிட்டு வர்றாங்களா ஐயா? அப்படித்தானே? தோள்லயே தூக்கிட்டு வர்றாங்களா?"

தோளில் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.